அடுப்பு ஒன்று, அட்டை இரண்டு: நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு நெல்லையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருநெல்வேலியில் மருத்துவக் காப்பீட்டு முகவராக வேலை பார்க்கிறவள். வீடு வண்ணார்பேட்டையில். மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று இந்தச் சீமையில் ஆள் பார்க்க நான் போகாத ஊர் குறைவு. தனியார் பாலிசி விற்பதுதான் என் பிழைப்பு. ஆனாலும் வசதியில்லாத வீட்டில் போய் உட்கார்ந்தால் நான் முதலில் சொல்வது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்து வையுங்கள் என்பதைத்தான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்கள் எத்தனையோ பேர் அந்த அட்டையால் வீட்டை விற்காமல் தப்பியிருக்கிறார்கள். அதைக் கண்ணால் பார்த்தவள் என்பதால்தான் உரிமையோடு கேட்கிறேன்.

அந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் யார் யார் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. தகுதியுள்ள நபர், அவருடைய சட்டப்படியான கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் பெற்றோர். இவர்கள் பெயர் ரேஷன் அட்டையிலும் இருக்க வேண்டும். இதில் "சட்டப்படியான கணவன் அல்லது மனைவி" என்ற இடத்தில், திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் துணைக்கும் இடம் கொடுங்கள். நான் கேட்பது இதுதான்.

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது என்றதும் சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற இளவட்டங்கள்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறார்கள். எங்கள் ஊரில் நான் பார்ப்பவர்கள் வேறு. கணவன் விட்டுப் போய், விவாகரத்து வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக இழுத்துக்கொண்டிருக்க, நடுவில் ஒரு நல்ல மனிதரின் துணை கிடைத்த பெண்கள் இருக்கிறார்கள். மனைவியை இழந்தவரும் கணவனை இழந்தவரும் வயதான காலத்தில் ஒரே வீட்டில் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறார்கள். மறுமணம் என்று பதிந்தால் அந்த அம்மாவின் விதவை உதவித்தொகை நின்றுபோகும், இரண்டு பக்கப் பிள்ளைகளும் சொத்துக் கணக்குப் பேச வருவார்கள். சாதி மாறியோ மதம் மாறியோ சேர்ந்து, ஊரை விட்டு ஊர் வந்து, பதிவு அலுவலகத்தின் வாசலைக் கூட மிதிக்கப் பயந்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். திருநங்கைகளும் அவர்களுடைய துணைவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பெண்களாக, இரண்டு ஆண்களாகக் குடும்பம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஊர் பார்க்கிறது, பெயர் சொல்லிப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கடைசி வகையில் எனக்குத் தெரிந்த இருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், முக்கூடல் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் பீடி சுற்றுகிறவர்கள். இலை நறுக்குவதும் தூள் வைத்து உருட்டுவதும் ஒருவர், நூல் கட்டிக் கட்டு போட்டுக் கடைக்குக் கொண்டுபோவது இன்னொருவர். கல்யாணம் ஆகாதவர்கள், இனி செய்துகொள்ளப் போவதும் இல்லை. ஒரே வீடு, ஒரே சிலிண்டர், ஒரே சீட்டு. மூத்தவருக்கு உதிரப்போக்கு நிற்காமல் போய், பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசின் மருத்துவமனை இருக்கிறது. அவர்களுக்கு இந்த ஆபரேஷனுக்கு வேறு இடம் போகச் சொல்லிவிட்டார்கள். சரி, முதலமைச்சர் திட்ட அட்டை எடுப்போம் என்று கிளம்பினால், மூத்தவரின் பெயர் அண்ணன் வீட்டு ரேஷன் அட்டையில் இருந்தது. அண்ணனுக்குத் தங்கை மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை, பெற்றவளும் இல்லை. திட்டத்தின் விளக்கப்படி அவர் அந்த வீட்டில் யார் என்று தேட வேண்டியிருந்தது. சேர்ந்து வாழ்கிறவரின் அட்டையில் பெயரை மாற்றிவிடலாம் என்றால், பழைய அட்டையில் நீக்கினால்தான் புதியதில் சேர்க்க முடியும். நீக்குவதற்கு இணையத்தில் போனால் ஓ.டி.பி. போய் விழுவது அண்ணனுடைய போனில். அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார். "அந்தப் பொம்பளைய விட்டுட்டு வீட்டுக்கு வரச் சொல்லுங்க, கார்டு தாரேன்."

ஐயா, ஒரு நோயாளியை வழிக்குக் கொண்டுவர அந்த அட்டை கயிறாகப் பயன்பட்டது. அதை வடிவமைத்தவர்கள் இப்படி நினைத்துப் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நடந்தது அதுதான்.

அவர்கள் போகவில்லை. நகையை அடகு வைத்து, ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். அங்கே அட்மிஷன் படிவத்தில் உடனிருப்பவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட இளையவர் பேனாவை எடுத்தபோது, "நீங்க யாரு, சொந்தக்காரங்க யாரும் வரலையா?" என்று கேட்டிருக்கிறார்கள். "கூட இருக்கேன்" என்றாராம். கூட இருந்தால் போதாது, ரத்த சொந்தம் வேண்டும் என்று சொல்லி, கடைசியில் அதே அண்ணனுக்குப் போன் போட்டுத்தான் கையெழுத்து வாங்கினார்கள். ராத்திரி முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர், வடிகால் பையை மாற்றியவர், கஞ்சி ஊட்டியவர் இளையவர். என்னிடம் சொல்லும்போது அவர் அழவில்லை. "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்புதான்க்கா, அதுக்குக் கூடவா சர்ட்டிபிகேட்டு?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அரசிடமே ஒரு பதில் இருக்கிறது. நம் உணவுத் துறை புது ரேஷன் அட்டை கொடுக்கும்போது முக்கியமாகப் பார்ப்பது தனிச் சமையல் இருக்கிறதா என்பதை. ஆய்வுக்கு வருகிற அலுவலர் அடுப்பையும் சிலிண்டரையும் பார்த்துவிட்டுத்தான் போவார். ஒரே உலையில் வேகிற அரிசியைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பது எந்தக் காலத்திலிருந்தோ இந்த மண் வைத்திருக்கும் கணக்கு. அரிசிக்கு அடுப்பைப் பார்க்கிற அரசு, ஆபரேஷனுக்கு மட்டும் தாலியைப் பார்ப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று தன்பால் திருமண வழக்கில், திருமணத்துக்கான உரிமையை நீதிமன்றம் வழங்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் அப்படி வாழும் இணையர்களுக்கு என்னென்ன உரிமைகள் கொடுக்கலாம் என்று பார்க்க அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழு அமைப்பதாக ஒன்றிய அரசு சொன்னதையும் பதிவு செய்தது. அந்தக் குழு 2024 ஏப்ரலில் அமைந்தது. அதன் தொடர்ச்சியாக, பால்புதுமையினர், அதாவது தன்பால் ஈர்ப்பாளர், திருநர் போன்றவர்களின் இணையர்களை ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்று ஒன்றிய உணவுத் துறை எல்லா மாநிலங்களுக்கும் அறிவுறுத்தியது. கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கவும், துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று நிதிச் சேவைகள் துறை 2024 ஆகஸ்ட் 28 அன்று தெளிவுபடுத்தியது. நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலைத் துணையே பெற்றுக்கொள்ளலாம் என்று சுகாதார அமைச்சகமும் அதே மாதம் மாநிலங்களுக்கு எழுதியது.

ரேஷன் அட்டைக்கு வழி திறந்திருக்கிறது. உடலை வாங்கிக்கொள்ளவும் வழி திறந்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போது வைத்தியம் பார்த்துக்கொள்ள மட்டும் வழி இல்லை. இதைத் திறக்க தில்லிக்கு மனுப்போட வேண்டியதில்லை. திட்டத்தின் விளக்கம் உங்கள் கையில் இருக்கிறது.

சட்டம் ஒத்துவருமா என்று கேட்பீர்கள். 2022 ஆகஸ்டில், மகப்பேறு விடுப்புக் கேட்ட செவிலியர் தீபிகா சிங்கின் வழக்கில் உச்ச நீதிமன்றம், குடும்பம் என்பது திருமணமாகாத இணையராகவோ பால்புதுமையினர் உறவாகவோ கூட இருக்கலாம், வழக்கமான அச்சில் இல்லாத குடும்பங்களுக்கும் சட்டப் பாதுகாப்பும் சமூக நலச் சட்டங்களின் பலன்களும் சேர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் திருமணம் போன்ற உறவை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டது. 2025 மே மாதம் நம் சென்னை உயர் நீதிமன்றமே, குடும்பம் அமைத்துக்கொள்ளத் திருமணம் மட்டும்தான் வழி என்பதில்லை என்று கூறியது. இணையர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் குடும்ப இணைவு ஒப்பந்தத்துக்கு அரசு ஒப்புதல் கொடுக்கலாம் என்ற யோசனையும் 2023 நவம்பரிலேயே அதே நீதிமன்றத்தில் வந்தது.

பழைய நெல்லைச் சீமையிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. தூத்துக்குடி கோயிலில் 2018இல் ஒரு திருநங்கையும் ஓர் இளைஞரும் மணம் முடித்தார்கள். பதிவாளர் பதிய மறுத்தார். 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம், பதிந்து கொடு என்று உத்தரவிட்டது. இந்தியாவுக்கே வழிகாட்டிய தீர்ப்பு அது. 2008இல் நாட்டிலேயே முதன்முதலாகத் திருநங்கையர் நல வாரியம் அமைத்ததும் தமிழ்நாடுதான்.

இன்னும் பின்னால் போனால் சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் இல்லாமல், தீ வளர்க்காமல், மாலை மாற்றி வாழ்ந்தவர்களின் திருமணம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்ன காலம் இருந்தது. அவர்களுடைய பிள்ளைகளின் வாரிசுரிமையே கேள்விக்குள்ளானது. 1967இல் அண்ணா ஆட்சியில் வந்த சட்டத் திருத்தம், இனி நடப்பவற்றை மட்டுமில்லாமல் அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் சேர்த்து செல்லும் என்றது. மக்கள் முதலில் வாழ்ந்து காட்டினார்கள், சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது. உங்கள் அரசாணைக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் வெளியே தேட வேண்டியதில்லை.

எப்படிச் செய்வது என்பதில் எனக்குச் சில அழுத்தமான கருத்துகள் உண்டு. முதலாவது, அறிவிப்புப் பலகை வேண்டவே வேண்டாம். மதம் மாறாமல் வேறு மதத்தவரை மணக்க விரும்புகிறவர்கள் 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் 30 நாள் நோட்டீஸ் ஒட்டிக் காத்திருக்க வேண்டும். அந்த 30 நாளில் என்ன நடக்கும் என்று எங்கள் மாவட்டத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். 2025 ஜூலையில் பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் ஓர் இளைஞர் காதலித்ததற்காகப் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதன் பிறகு என்னிடம் பாலிசி எடுத்த ஒரு ஜோடி, முகவரி எங்காவது வெளியே தெரியுமா என்று கேட்டுக் கேட்டு மாய்ந்துபோனார்கள். ஆகவே துணை யார் என்பது அவர்கள் கொடுக்கும் உறுதிமொழியோடு முடிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் தெருவில் நின்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கக் கூடாது. பழைய அட்டைக்காரரின் போனுக்குக் குறுஞ்செய்தி போகக் கூடாது. வயது வந்த ஒருவர் தன் ஆதாரையும் கைரேகையையும் வைத்துத் தானே தன் பெயரைப் பழைய அட்டையிலிருந்து விடுவித்துக்கொள்ள வழி வேண்டும். உணவுத் துறையோடு உட்கார்ந்து பேசினால் இது முடியும்.

இரண்டாவது, முதல் மனைவியின் நிலை. இதைச் சொல்லாமல் விட்டால் என் மனசாட்சி ஒப்பாது. மனைவியைத் தவிக்கவிட்டுவிட்டு இன்னொரு பெண்ணோடு வாழ்கிற ஆண்கள் எங்கள் ஊரிலும் உண்டு. இந்த மாற்றத்தைச் சாக்காக வைத்து அவர்கள் முதல் மனைவியின் பெயரை அட்டையிலிருந்து அடித்துவிடக் கூடாது. துணையைச் சேர்ப்பது என்பது சேர்ப்பதாக மட்டும் இருக்கட்டும், யாரையும் நீக்குவதாக இருக்க வேண்டாம். விவாகரத்து ஆகாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனி அட்டையோ அதே அட்டையில் இடமோ, அவள் எதைக் கேட்கிறாளோ அதைக் கொடுக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு இல்லாமல் இந்தத் திருத்தம் வருவதாக இருந்தால் நானே எதிர்த்து எழுதுவேன்.

மோசடி நடக்கும், ஆளாளுக்கு யாரையாவது துணை என்று எழுதுவார்கள் என்ற பேச்சு கண்டிப்பாக வரும். முகவர் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பயம் கணக்குப் பார்த்தால் நிற்காது. 5 லட்சம் என்பது தலைக்கு இல்லை, குடும்பத்துக்கு. இருவரும் தனித்தனி அட்டையில் இருந்தால் அரசு இரண்டு குடும்பத்துக்குப் பிரீமியம் கட்டி, 10 லட்சம் வரை பொறுப்பேற்கிறது. ஒரே அட்டைக்கு வந்தால் ஒரு பிரீமியம், 5 லட்சத்தோடு முடிகிறது. வருமானமும் இருவருடையதையும் சேர்த்துத்தான் பார்க்கப் போகிறீர்கள். இதில் ஏமாற்றிச் சம்பாதிக்க என்ன இருக்கிறது? ஒரு நேரத்தில் ஒரு துணை, மாற்ற வேண்டுமானால் ஓராண்டு இடைவெளி என்று விதி வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அட்டை இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம்தானே என்று ஒரு அதிகாரி என்னிடம் கேட்டார். இலவசம்தான். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று நாங்கள் சொல்லும் நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நம்பித்தான் நாங்கள் இருக்கிறோம். ஆனால் எல்லோருக்கும் அங்கே போகவும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்குப் போகவும் என்று இரண்டு கதவு இருக்கும்போது, இவர்களுக்கு மட்டும் ஒன்று என்பது நியாயமில்லை.

என் தொழில் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேயும் உங்கள் குரல் தேவைப்படுகிறது. தனியார் குடும்ப பாலிசி எடுக்கும்போது உறவுமுறை என்று ஒரு கட்டம் வரும். பெரும்பாலும் அதில் கணவன், மனைவி, மகன், மகள், அப்பா, அம்மா, மாமனார், மாமியார் என்று மட்டும்தான் இருக்கும். சேர்ந்து வாழ்கிற ஆணும் பெண்ணுமாக இருந்தால், "மனைவின்னே போட்டுருங்கக்கா, யார் கேக்கப் போறா" என்பார்கள். பாலிசி கொடுக்கும்போது யாரும் கேட்பதில்லைதான். பெரிய கிளைம் வரும்போது விசாரணைக்கு ஆள் வருவார். தவறான தகவல் கொடுத்தீர்கள் என்று கிளைமை மறுத்து பாலிசியையும் ரத்து செய்ய அவர்களுக்கு வழி இருக்கிறது. ஆகவே நான் அப்படிப் போடுவதில்லை. ஆளுக்கொரு தனி பாலிசி எடுக்கச் சொல்கிறேன். இருவருக்கும் சேர்த்து ஒரே தொகையில் எடுக்கும் குடும்ப பாலிசியைவிட அது கூடுதல் செலவு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கியது கொஞ்சம் ஆறுதல். அவ்வளவுதான்.

சில நிறுவனங்கள் தாமாகவே மாறியிருக்கின்றன. டாடா ஸ்டீல் 2019இலும் ஆக்சிஸ் வங்கி 2021இலும் தங்கள் ஊழியர்களின் துணைக்கு, ஆண் பெண் என்று பார்க்காமல், மருத்துவக் காப்பீட்டில் இடம் கொடுத்தன. சில காப்பீட்டு நிறுவனங்களும் துணை என்பதை ஏற்கின்றன. ஆனால் இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிற தயவாக இருக்கிறது. ஐதராபாத்தில் இருக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் 65 வயது வரம்பை எடுத்தது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலத்தை 48 மாதத்திலிருந்து 36 ஆகக் குறைத்தது. ஒரே முகவரியில் வாழும் எந்த இரண்டு பெரியவர்களும் குடும்ப பாலிசி எடுக்கலாம் என்று அந்த ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். தமிழ்நாடு அரசு எழுதிக் கேட்டால் அந்தக் கடிதத்துக்கு ஒரு கனம் இருக்கும்.

அரசு ஊழியர் காப்பீட்டுத் திட்டம் நிதித் துறையின் கீழ் வருகிறது என்று தெரியும். மாதம் 300 ரூபாய் எல்லோருக்கும்தான் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். திருமணமாகாத ஊழியர் தன் பெற்றோரைச் சேர்க்கலாம். பெற்றோர் இல்லாதவர், அல்லது பெற்றோரே வீட்டை விட்டுத் துரத்திவிட்டவர், தான் சேர்ந்து வாழும் ஒருவரைச் சேர்க்க முடியவில்லை. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. சட்டத்திலேயே 2010இல், திருமணமாகாத, பெற்றோரை இழந்த தொழிலாளியின் வயது வராத தம்பி தங்கையைக் குடும்பத்தில் சேர்த்தார்கள். தேவை தெரிந்தபோது விளக்கம் விரிந்திருக்கிறது. நிதித் துறைச் செயலாளரிடம் நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

மருத்துவமனைக் கையெழுத்து விஷயத்துக்கு இந்தத் திருத்தம் வரும்வரை கூடக் காத்திருக்க வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவில், வயது வந்த எவரும் தனக்குப் பிடித்த ஒருவரைத் தன் பிரதிநிதியாக எழுதி நியமிக்கலாம். உறவுக்காரராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மனநோய்க்குச் சரி என்றால் கர்ப்பப்பைக்கும் கால் எலும்புக்கும் ஏன் சரியில்லை? நோயாளி சுயநினைவோடு ஒருவர் பெயரை எழுதிக் கொடுத்தால் அவரிடமே விவரம் சொல்ல வேண்டும், அவரையே உள்ளே விட வேண்டும் என்று, முதலமைச்சர் திட்டத்தில் சேர்ந்துள்ள எல்லா மருத்துவமனைகளுக்கும் உங்கள் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். இதற்குப் பணமும் தேவையில்லை, சட்டமும் தேவையில்லை.

மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் செய்யத் தயக்கமாக இருந்தால் திருநெல்வேலியில் தொடங்குங்கள். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் காப்பீட்டு அட்டை எடுக்கும் மையம் இருக்கிறது. அங்கே வாரத்தில் ஒரு நாள், கதவு மூடிய ஓர் அறையில், பெண் அலுவலர் ஒருவரை வைத்து இந்த உறுதிமொழிகளை வாங்கலாம். படிவம் நிரப்பிக் கொடுக்க, வருமானச் சான்றிதழுக்கு என்ன வேண்டும் என்று எடுத்துச் சொல்ல, நானும் என்னோடு வேலை பார்க்கும் சில முகவர்களும் பைசா வாங்காமல் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம். எந்த நாள் என்று மட்டும் ஆட்சியர் அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவக் காப்பீட்டு முகவர்,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி.